இடையில் வேலையை விட்டவருக்கு எந்தக் காசு, எப்போது?

போன மாதம் யாழ்ப்பாணம் திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்தில் பழைய கூட்டாளி ஒருவனைக் கண்டேன். ஒரே நிறுவனத்தில் பன்னிரண்டு வருடம் கணக்கெழுதியவன். ஐந்து மாதத்துக்கு முன் வேலையை விட்டுவிட்டு இப்போது தகப்பனின் தோட்டத்தைப் பார்க்கிறான். வயது 39. "ஈ.பி.எப் காசை எடுத்து புது வாட்டர் பம்ப் போடுவம் எண்டு இருக்கிறன், எப்ப தருவினம்?" என்று கேட்டான். ஈ.பி.எப், அதாவது ஊழியர் சேமலாப நிதிக் காசு 55 வயதில்தான், இன்னும் 16 வருடம் இருக்கிறது என்றதும் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அவனுக்கு உடனே வரவேண்டிய வேறு காசு இருந்தது. அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது.

அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

படி 1: அரச வேலையா, தனியார் வேலையா?

மாதாமாதம் வரும் ஓய்வூதியம் என்பது பெரும்பாலும் அரச உத்தியோகத்துக்கு உரியது. ஓய்வூதிய உரிமையுள்ள அரச நியமனம் என்றால் ஒரு எச்சரிக்கை மட்டும்: பதவி விலகுவதும் ஓய்வு பெறுவதும் ஒன்றல்ல. இராஜினாமாக் கடிதம் கொடுத்தாலோ, சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்குப் போகாமல் விட்டாலோ ஓய்வூதிய உரிமை போய்விடும். எங்கள் ஊரில் வெளிநாடு போன அவசரத்தில் இப்படி இழந்தவர்கள் கொஞ்ச நஞ்சமில்லை. கையெழுத்து வைப்பதற்கு முன் உங்கள் திணைக்களத்தில் தாபனப் பிரிவு எழுதுவினைஞரிடம் ஒருக்கால் கதையுங்கள்.

மற்ற எல்லோரும், அதாவது கடை, கம்பனி, தனியார் பள்ளிக்கூடம், கூட்டுத்தாபனம் என்று வேலை செய்தவர்கள், கீழே தொடரலாம்.

படி 2: மூன்று காசையும் பிரித்துப் பாருங்கள்

எல்லாவற்றையும் சேர்த்து "ஈ.பி.எப் காசு" என்று சொல்வதுதான் குழப்பத்தின் தொடக்கம். உண்மையில் மூன்று தனித்தனிக் காசு. மூன்றுக்கும் சட்டம் வேறு, கிடைக்கும் நேரமும் வேறு.

ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருவது. உங்கள் சம்பளத்தில் 8 வீதம் வெட்டுவார்கள், முதலாளி தன் பங்காக 12 வீதம் போடவேண்டும். மாதம் 60,000 ரூபா சம்பளம் என்றால் உங்களுடைய 4,800, அவருடைய 7,200, மொத்தம் 12,000 ரூபா. மேலதிக நேரக் கொடுப்பனவு இந்தக் கணக்கில் சேராது.

ஊழியர் நம்பிக்கை நிதி, அதாவது ஈ.டி.எப், 1980இல் வந்தது. முதலாளி மட்டும் 3 வீதம் போடுவார். உங்கள் சம்பளத்தில் சதமும் வெட்டக்கூடாது. அதே 60,000க்கு மாதம் 1,800 ரூபா.

மூன்றாவது பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். இது எந்த நிதியத்திலும் கிடப்பதில்லை, முதலாளி தன் கையிலிருந்து தரவேண்டியது. கூட்டாளி கேட்காமல் விட்டது இதைத்தான்.

படி 3: பணிக்கொடையை முதலில் கேளுங்கள்

ஒரே முதலாளியிடம் ஐந்து வருடம் முழுதாக வேலை செய்திருக்க வேண்டும். வேலையை விடுவதற்கு முந்திய 12 மாதத்துக்குள் அந்த நிறுவனத்தில் 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்திருக்க வேண்டும். இவை இரண்டும் சரி என்றால், மாதச் சம்பளக்காரருக்கு முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் பாதி வரும். கூட்டாளியின் கடைசிச் சம்பளம் 60,000. பாதி 30,000, பன்னிரண்டால் பெருக்கினால் 360,000 ரூபா. நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் கூலி என்று கணக்கிடுவார்கள்.

"நானாகத்தானே விட்டனான், எனக்கு எப்படித் தருவினம்?" என்றான். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். நீங்களாக விலகினாலும், அவர்கள் நிறுத்தினாலும் பணிக்கொடை உண்டு. களவு, மோசடி, வேண்டுமென்று சொத்துக்குச் சேதம் விளைவித்தது போன்ற காரணத்துக்காக வேலையிலிருந்து நிறுத்தப்பட்டால்தான், நட்டத்தின் அளவுக்குக் கழிக்கலாம்.

வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். பிந்தினால் மேலதிகமாக 10 முதல் 30 வீதம் வரை சேர்த்துக் கட்டவேண்டி வரும். முதலில் எழுத்தில் கேளுங்கள், பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். சரிவராவிட்டால் யாழ்ப்பாணத்தில் இருக்கும் தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். முறைப்பாடு கொடுக்க எங்கள் ஆட்களுக்கு ஒரு கூச்சம் இருக்கிறது. முதலாளி தெரிந்தவராக இருப்பார், ஒரே கோயில் திருவிழாவில் முகம் பார்க்கவேண்டி வரும். அதற்காக மூன்றரை இலட்சத்தை விட்டுக்கொடுக்க எனக்கென்றால் மனம் வராது.

படி 4: அடுத்தது ஈ.டி.எப்

வேலையை விட்டதும் வயது வித்தியாசமில்லாமல் இதற்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் ஒருமுறை எடுத்தால் அடுத்த முறை எடுக்க ஐந்து வருடம் போகவேண்டும். அடிக்கடி வேலை மாறுகிறவர்கள், சின்னத் தொகைக்காக அந்த வாய்ப்பைச் செலவழிக்க வேண்டுமா என்று யோசித்துச் செய்யுங்கள்.

படி 5: சேமலாபக் காசு எங்கே போகும்?

எங்கேயும் போகாது. மத்திய வங்கியில் உங்கள் பெயரில் கிடக்கும், வருடாவருடம் வட்டியும் சேரும். ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதானதும், வேலையிலிருந்து விலகியவராக, கே படிவத்தை நிரப்பித் தொழில் அலுவலகத்தில் கொடுத்து எடுக்கலாம். 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 ஆனது. அதைக் கேட்டுவிட்டு இதுவும் 60 ஆகிவிட்டது என்று பயப்படுகிறார்கள். அந்தச் சட்டம், உங்களை வேலையிலிருந்து எந்த வயதில் அனுப்பலாம் என்பதைப் பற்றியது. சேமலாபம் எடுக்கும் வயது 55உம் 50உம்தான்.

வயதுக்கு முன் எடுக்கவும் சில வழி இருக்கிறது. நிரந்தரமாக வேறு நாட்டில் குடியேறுவது ஒன்று. கனடாவில் குடியேறும் விசா கிடைத்தவருக்கு இது பொருந்தும், இரண்டு வருட ஒப்பந்தத்தில் கட்டார் போகிறவருக்குப் பொருந்தாது. இனி வேலை செய்யவே முடியாத நோய் அல்லது அங்கவீனம், மருத்துவச் சான்றோடு. ஓய்வூதிய உரிமையுள்ள அரச நியமனம் கிடைப்பது. பெண்கள் திருமணத்தின் காரணமாக வேலையை விடுவதும் ஒரு வழி. என் தங்கச்சி அப்படி எடுத்துக் கலியாணச் செலவோடு செலவாக முடித்துவிட்டாள். இப்போது அதைப் பற்றிக் கதைத்தாலே கோபப்படுகிறாள்.

வீட்டுக்கும் வைத்தியத்துக்கும் 30 வீதம்வரை முன்கூட்டி எடுக்கும் திட்டமும் உண்டு. பத்து வருடம் பணம் கட்டியிருக்க வேண்டும், கணக்கில் குறைந்தது 3 இலட்சம் இருக்க வேண்டும், அதிகபட்சம் 20 இலட்சம். வாட்டர் பம்ப் இதில் வராது!

படி 6: விடும் நாளிலேயே கடதாசிகளை எடுங்கள்

என்னுடைய அனுபவத்தில் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். 55 வயதில் நீங்கள் போய்க் கேட்கும்போது அந்தக் கடை இருக்குமா, முதலாளி இருப்பாரா என்று யாருக்குத் தெரியும்? இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பெட்டி பெட்டியாகப் பத்திரங்களைத் தொலைத்த ஊர் இது.

முதலில் உறுப்பினர் இலக்கம். ஒரு எழுத்து, நிறுவனத்தின் இலக்கம், உங்கள் இலக்கம் என மூன்று பகுதியாக இருக்கும். மூன்றையும் எழுதுங்கள். நிறுவனம் மாறினால் இலக்கமும் மாறும். நாலு இடத்தில் வேலை செய்தவருக்கு நாலு இலக்கம், நாலிலும் காசு கிடக்கும். வேலையில் சேர்ந்தபோது தந்த பி அட்டை இருந்தால் பத்திரப்படுத்துங்கள். அப்புறம் சேர்ந்த திகதி, விலகிய திகதி போட்ட சேவைக் கடிதம், கடைசி மாதங்களின் சம்பளச் சிட்டைகள், வருடாந்தக் கணக்குக் கூற்று. சம்பளச் சிட்டையில் வெட்டியதெல்லாம் கணக்குக் கூற்றில் ஏறியிருக்கிறதா என்று மாதம் மாதமாக ஒப்பிடுங்கள். வெட்டிவிட்டுக் கட்டாமல் விடும் இடங்களும் உண்டு. "நீ ஒருத்தன்தானே வேலைக்கு, உனக்கு எதுக்கு ஈ.பி.எப்" என்று சொல்லும் கடைகளும் உண்டு. ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும், முதல் நாளிலிருந்தே, சேமலாப நிதி கட்டத்தான் வேண்டும்.

பெயரையும் பாருங்கள். நான் முதலில் வேலை செய்த இடத்தில் என் தகப்பனின் பெயரை என் பெயராகவும், என் பெயரை முதலெழுத்தாகவும் பதிந்துவிட்டார்கள். அடையாள அட்டையில் ஒன்று, பிறப்புச் சான்றிதழில் கொஞ்சம் வேறு, படிவத்தில் மூன்றாவது. சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி, விதானையாரிடம் (கிராம அலுவலர்) கடிதம், அதைக் கொண்டு பிரதேச செயலகம் என்று ஒன்றரை மாதம் சைக்கிள் மிதித்தேன். வேலையில் இருக்கும்போதே பார்த்திருந்தால் நிறுவனத்தின் ஒரு கடிதத்தோடு அலுவல் முடிந்திருக்கும்.

பின்னுரித்தாளர், அதாவது நீங்கள் இறந்தால் காசைப் பெறுபவரின் பெயரும், வேலையில் சேரும்போது நிரப்பிய அதே படிவத்தில்தான் இருக்கிறது. கலியாணத்துக்கு முன் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் அம்மாவின் பெயரைப் போட்டிருப்பார்கள். கூட்டாளியும் அப்படித்தான். அம்மா காலமாகி நாலு வருடம், வீட்டில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். பணிக்கொடைக் கடிதத்தோடு அதையும் மாற்றச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.