‘பார்ப்பம்’ என்று சொல்லாமல் மறுக்கப் பிள்ளைகளைப் பழக்குவது எப்படி

போன தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர், 15 வயதான என் அக்கா மகளிடம், “கடையில வேலை இருக்கு, பள்ளிக்கூடத்த விட்டுட்டு வந்துரு” என்றார். அவளுக்குத் துளியும் விருப்பமில்லை. ஆனால் வாயில் வந்தது “பார்ப்பம் மாமா”. அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு முதலாளிக்கும் சொல்லிவிட்டார். அந்தப் பேச்சைத் திருப்பி எடுக்க வீடே பாடுபட்டது. அதற்கப்புறம்தான் மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளைக் கூட்டி இந்தப் பயிற்சியைத் தொடங்கினேன்.

முதலில் இடம். லயத்துக்குள், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்குள், வேண்டாம். 10க்கு 12 அடி காம்பராவில் பேசினால் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும், பிள்ளை குரலை இறக்கிவிடும். மைதானம் நல்லது. மழை என்றால் நாங்கள் கோயில் மண்டபத்துக்குப் போவோம்.

இரண்டாவது, விருப்பமில்லாமல் ‘சரி’ சொன்ன மூன்று சம்பவங்களைக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். போன் பாஸ்வேர்டைக் கேட்கும் கூட்டாளி, படிக்கும் நேரத்தில் கடைக்கு அனுப்பும் பக்கத்து வீட்டு அக்கா, இப்படி வரும். ஆகச் சிறியதில் தொடங்குங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். சொல்லவேண்டியது முறைச்சொல், மறுப்பு, ஒரே ஒரு காரணம். “மாமா, நான் வரல்ல. ஓ.எல். சோதனை எழுதப் போறேன்.” அவ்வளவுதான். முறைச்சொல் முன்னால் நிற்கட்டும். “வரல்ல மாமா...” என்று கடைசியில் இழுத்தால் கெஞ்சுவதுபோல் கேட்கும். ‘நீங்க’, ‘வாங்க’ எதையும் விடவேண்டியதில்லை. மரியாதை குறைந்தால் பேச்சு மரியாதையைப் பற்றியதாக மாறிவிடும், சொன்ன மறுப்பு அங்கேயே காணாமல் போகும்.

நான் பிழை விட்டதும் இங்கேதான். காரணம் கூடினால் பலம் என்று நினைத்து மூன்று காரணம் சொல்லப் பழக்கினேன். நானே மாமாவாக நடித்தேன். அக்கா மகள், “டியூஷன் இருக்கு, அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, தங்க இடமில்ல” என்றாள். “டியூஷன் அங்கயும் இருக்கு. அம்மாவ அப்பா பாப்பாரு. எங்க வீட்டுலயே தங்கு” என்றேன். அவளிடம் சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. காரணங்களை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டால் மறுப்பும் சேர்ந்து விழுந்துவிடுகிறது.

அதனால் இப்போது ஒரே வசனம். எதிராளி என்ன சொன்னாலும் அதையே திரும்பச் சொல்லி, மனதுக்குள் பத்து எண்ண வேண்டும். அந்தப் பத்து எண்ணிக்கை லேசில்லை. முதல் தடவை அவள் விரல்கள் ஷோலின் ஓர நூலைப் பிரித்துக்கொண்டே இருந்தன. ஆறாவது எண்ணிக்கையில் “சரி மாமா, ஆனா...” என்று வாய் திறந்துவிட்டது. நான்காவது தடவைதான் பத்தைத் தொட்டாள். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், முழு வகுப்பும் இதிலேயே போனாலும் பரவாயில்லை.

போனில் குரலை மட்டும் பதிந்து போட்டுக் காட்டுங்கள். வீடியோ எனக்குப் பிடிக்காது. பிள்ளைகள் தங்கள் முடியையும் முகத்தையும்தான் பார்க்கிறார்கள்.

பின்சேர்க்கை: ஒரு தாய் எழுதியிருந்தார், “மகன் இப்ப தண்ணி கொண்டுவரச் சொன்னாலும் ஏலாது என்கிறான்.” நியாயமான கவலை. வீட்டு வேலையில் அவனுக்கும் பங்குண்டு. அங்கே மறுப்போடு நேரத்தையும் சொல்லப் பழக்குங்கள்: “அம்மா, இப்ப ஏலாது, ஆறு மணிக்குக் கொண்டுவாறேன்.” அதோடு, மற்றவர் மறுக்கும்போது முகம் சுளிக்காமல் கேட்கவும் பழக வேண்டும். இப்போது ஒவ்வொரு சோடியும் இடம் மாறி நடிக்கிறது.

இன்னொன்று. யாராவது தொட்டாலோ மிரட்டினாலோ இந்த வசனம் எதுவும் தேவையில்லை. அந்த இடத்தை விட்டுப் போய், நம்பும் பெரியவரிடம் சொல்லவேண்டும். சொல்லமுடியாமல் உறைந்து நின்றிருந்தாலும் அது பிள்ளையின் பிழையில்லை என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். 16 வயது ஆகாதவரைக் கடை வேலைக்கு வைப்பதும் இலங்கையில் சட்டவிரோதம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் பேசலாம். முதல் நாளிலேயே அதைக் கொப்பியின் பின்மட்டைக்குள் எழுதவைத்துவிடுங்கள்.