குன்றக்குடியிலிருந்து பழநிக்கு: பாதயாத்திரையில் பாதத்தைக் காப்பது

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழநிக்கு நடந்தால் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று போகும் பாதை. முதல் நாள் உற்சாகத்தில் 35 கிலோமீட்டர் போனவர்கள்தாம் மூன்றாம் நாள், நத்தம் தாண்டியதும், காலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள். ஆறு நாள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாளும் இருபது கிலோமீட்டர் போதும். அதற்குள் கால் பழகிவிடும். பிறகு 27, 28 கூடச் சிரமமாக இருக்காது.

அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பி ஒன்பதுக்குள் தங்கலுக்குப் போய்விட வேண்டும். மறுபடி மாலை நான்குக்கு மேல் இரண்டு மணி நேர நடை. தை மாதம்தானே என்று பகல் 11-க்கு மேல் நடக்காதீர்கள். தார் அதற்குள் நன்றாகக் கொதிக்கும்.

வெறுங்காலோடு போகிறவர்கள் மாலை போட்ட நாளிலிருந்தே பழக வேண்டும். முதல் வாரம் மண் தரையில் கால் மணி நேரம், அடுத்து தார்ச் சாலை, யாத்திரைக்கு முன் ஒரே நடையாகப் பத்து கிலோமீட்டர். சாலையோர மண்ணில் சீமைக்கருவேல முள் கிடக்கும், டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டு நாளாகியிருந்தால் முன்பே போட்டுவிடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் முள் ஏறியதும் தெரியாது, தோல் வெந்ததும் தெரியாது. முருகன் செருப்பைப் பார்த்துக் கோபிக்க மாட்டான். செருப்போ ஷூவோ, பழகியதாக இருக்கட்டும். நடக்க நடக்கப் பாதம் வீங்குமாதலால் சற்றே தளர்வாக இருப்பது நல்லது.

கொப்புளம் திடீரென்று வருவதில்லை. உராய்வும் ஈரமும் சேர்ந்த இடம் முதலில் சுடுகிற மாதிரி இருக்கும். 'அடுத்த பந்தலில் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டால் அரை மணியில் நீர் கோத்துவிடும். அங்கேயே ஓரமாக உட்கார்ந்து, துடைத்து உலர்த்தி, மைக்ரோபோர் என்னும் காகிதப் பிளாஸ்திரியைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். சுருக்கம் இருந்தால் அதுவே உரசும். பிளாஸ்திரியை அன்றன்றைக்குப் பிய்த்தால் தோலும் கூட வரும். தானாக விடும்வரை இருக்கட்டும்.

வந்துவிட்ட கொப்புளம் சிறியதென்றால் தொடாதீர்கள். பெரிதாகி மிதிக்க முடியாமல் வலித்தால், ஸ்பிரிட்டில் துடைத்த புது ஊசியால் ஓரத்தில் இரண்டு துளை போட்டு நீரை மெல்ல அழுத்தி எடுங்கள். மேல்தோலை உரிக்கவே கூடாது. அதுதான் அடித்தோலுக்குக் காப்பு. பெட்டாடின் தடவி, துணி வைத்து ஒட்டலாம். சீழோ, சுற்றிச் சிவப்பு பரவுவதோ, காய்ச்சலோ இருந்தால் மருத்துவ முகாமுக்குப் போங்கள். சர்க்கரை உள்ளவர்கள் எந்தக் கொப்புளத்தையும் தாங்களாகக் குத்த வேண்டாம். தங்கலில் உப்பு வெந்நீரில் கால் வைப்பது இதமாகத்தான் இருக்கும், ஆனால் அரை மணி ஊறினால் தோல் இளகி மறுநாள் எளிதில் கிழியும். பத்து நிமிடத்தில் எடுத்து, விரலிடுக்குவரை துடைத்துவிடுங்கள்.

தொடை உரசிப் புண்ணாவது பாதிப்பேருக்கு வரும். வெட்கப்பட்டுச் சொல்லாமல் நடப்பார்கள். குளித்த ஈர வேட்டியோடு நடப்பதும், வியர்வை உப்பு காய்வதும்தான் காரணம். கிளம்பும் முன் தேங்காய் எண்ணெய் தடவுங்கள், தங்கலில் கழுவி உலர்ந்த துணிக்கு மாறுங்கள்.

தண்ணீரை ஒரேயடியாகக் குடிக்காமல் அரை மணிக்கு ஒரு டம்ளர் வீதம் குடிக்கலாம். வியர்வையில் உப்பும் போகிறது. வெறும் தண்ணீரே குடித்துக்கொண்டிருந்தால் தலைவலியும் குமட்டலும் வரும். உப்பு போட்ட மோர் உத்தமம். ஓ.ஆர்.எஸ். பொடியைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், பெரும்பாலும் ஒரு லிட்டர். ஒரு டம்ளரில் கெட்டியாகக் கலக்கிக் குடித்தால் வயிற்றோட்டம்தான் கூடும்.

வழியெல்லாம் அன்னதானப் பந்தல். அன்போடு கூப்பிடுவார்கள், எல்லா இடத்திலும் சாப்பிட்டால் நடக்க முடியாது. ஆவி பறக்கும் இட்லி, பொங்கல், சுக்குக் காபி நல்லது. அண்டாவில் நெடுநேரம் இருந்த கலவைச் சோறும் தேங்காய்ச் சட்னியும் வேண்டாம். வயிறு கெட்டால் யாத்திரையே நின்றுவிடும். சாப்பிட்ட தட்டைச் சாலையில் எறியாதீர்கள்.

இருட்டில் சாலையின் வலப்பக்கம், எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி, ஒருவர் பின் ஒருவராக நடங்கள். ஒளிரும் பட்டை முன்னும் பின்னும் இருக்கட்டும். காதில் இயர்போன் கூடாது. அசதியில் சாலை ஓரத்திலோ நிற்கும் லாரியின் நிழலிலோ படுக்கவே படுக்காதீர்கள்; மண்டபம், பள்ளிக்கூடம், பந்தல், எதுவானாலும் சாலையை விட்டு உள்ளே போய்ப் படுங்கள். தைப் பனிக்குத் தரை சில்லிடும், அடியில் ஒரு தார்ப்பாய் அவசியம். படுத்ததும் கால் மணி நேரம் பையின்மேல் காலைத் தூக்கி வைத்தால் வீக்கம் இறங்கும். பை நாலு கிலோவுக்கு மேல் போகக்கூடாது.

பழநியில் சண்முக நதியிலோ இடும்பன் குளத்திலோ குளித்துவிட்டு மலையேறுவது வழக்கம். கைபேசியை அடிவாரத்திலேயே ஒப்படைத்துவிடுங்கள், மேலே அனுமதி இல்லை. ஏறத்தாழ 700 படிகள். ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டியை வாங்கும். ஆறு நாள் நடந்த காலுக்கு, இறங்கும்போது சரிவு குறைந்த யானைப்பாதையே மேல்.