மை பரவினால் மையை மட்டும் குறை சொல்லாதீர்கள்

இங்க் பேனாவில் எழுதும்போது எழுத்து பரவினால் பலரும் உடனே வேறு மை வாங்கப் போகிறார்கள். பெரும்பாலும் குற்றம் தாளில்தான். தாள் செய்யும்போது அது நீரைச் சட்டென்று உறிஞ்சாமல் இருக்க ஸ்டார்ச் போன்ற பொருட்களைச் சேர்ப்பார்கள். இதற்கு சைசிங் என்று பெயர். அது போதாத தாளில் மை நார்களின் வழியே ஓடி, எழுத்தின் ஓரமெல்லாம் பிசிறு தட்டிவிடும்.

கனமான தாள் வாங்கினால் போதும் என்று நினைப்பது அடுத்த தவறு. ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, அவ்வளவுதான். ஜப்பானின் டோமோயே ரிவர் தாள் 52 ஜி.எஸ்.எம். என்ற அளவுக்கு மெல்லியதாகக்கூட உண்டு. அதில் எழுத்து பின்பக்கம் நிழலாகத் தெரியும்; ஆனால் மை ஊறி வராது. 100 ஜி.எஸ்.எம். நோட்டிலும் சைசிங் மோசமென்றால் மறுபக்கம் பொட்டுப் பொட்டாக ஊறும். வாங்குமுன் கடைசிப் பக்கத்தில் நிப்பை ஒரே இடத்தில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். அந்தப் புள்ளி எவ்வளவு விரிகிறது, பின்னால் வருகிறதா என்பது போதும், தாளின் குணம் தெரிந்துவிடும்.

நல்ல தாளுக்கும் ஒரு விலை உண்டு: மை மேலேயே நிற்பதால் மெதுவாகத்தான் காயும். எழுதியவுடன் நோட்டை மூடினால் எதிர்ப்பக்கத்தில் அப்பிக்கொள்ளும். ஈர மையை ஒற்றியெடுக்கும் பிளாட்டிங் பேப்பர் ஒன்று உள்ளே இருக்கட்டும். ஒரே எழுத்துக்குள் வெளிறியும் அடர்ந்தும் நிறம் மாறும் அழகும் இப்படிப்பட்ட தாளில்தான் கிடைக்கும். அதே மை ஜெராக்ஸ் தாளில் தட்டையாகத் தெரிந்தால் ஏமாந்துவிட்டோம் என்று எண்ண வேண்டாம்.

பக்கத்தின் அடியில் மட்டும் எழுத்து விட்டு விட்டு விழுகிறதா? நிப்பை வளைத்துச் சரிசெய்யப் போகாதீர்கள், பாவம் அது. மேலே எழுதும்போது உள்ளங்கை அங்கேதான் இருந்தது; தோலின் எண்ணெய்ப்பசை தாளில் ஏறியிருக்கும். கைக்கு அடியில் ஒரு துண்டுத்தாள் வைத்தால் சரியாகிவிடும்.

அலுவலகப் படிவம் போலத் தாளை நாம் தேர்ந்தெடுக்க முடியாத இடங்களில் மெல்லிய நிப்பும், இரும்பு உப்பும் துவர்ப்புப் பொருளும் சேர்த்துச் செய்யும் அயர்ன் கால் (iron gall) மையும் கைகொடுக்கும். இந்த மை அவ்வளவாகப் பரவாது. ஆனால் அமிலத்தன்மை உள்ளது. பேனாவுக்குள் காயவிடாமல் அவ்வப்போது தண்ணீரில் கழுவிவிடுங்கள். அப்புறம், ஓவியக்காரர்களின் இந்தியன் இங்க்கை மட்டும் ஊற்றவே கூடாது. அதில் பெரும்பாலும் அரக்கு கலந்திருக்கும். உள்ளே காய்ந்தால் பேனாவை மீட்பது கஷ்டம்.