மூணு பூஜ்ஜியம் செய்த வேலை

மீனம்பாக்கத்தில் ஒரு விமானக் கம்பெனியில் ராம்ப் டிரைவர் வேலை, அதாவது விமானங்கள் நிற்கும் இடத்தில் வண்டி ஓட்டும் வேலை கிடைத்தது. பின்னணிச் சரிபார்ப்பில் மட்டும் "ஓட்டுநர் பதிவு இல்லை" என்று திரும்பி வந்தது. பழைய அபராதம்தான் காரணமென்று நினைத்து, ஹெல்மெட் போடாததற்கு விழுந்த இ-சலானைக் கட்டினேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆர்டிஓ ஆபீஸில் அரை நாள் நின்றேன். "உங்க பதிவு சரியாத்தானே இருக்கு சார்" என்றார் கவுண்டரில் இருந்தவர்.

அவர் திரையையும் என் லைசென்ஸ் அட்டையையும் ஒப்பிட்டபோதுதான் பிடிபட்டது. லைசென்ஸ் எண்ணில் வரிசையாக மாநிலம், ஆர்டிஓ எண், ஆண்டு, அதன்பின் ஏழு இலக்கம் இருக்கும். 2008இல் வாங்கிய என் பழைய அட்டையில் அந்த ஏழில் கடைசி நாலு இலக்கம்தான் அச்சாகியிருந்தது. அதையே படிவத்தில் எழுதியிருந்தேன். முன்னால் மூணு பூஜ்ஜியம் சேர்த்து, பிறந்த தேதியோடு அரசின் போக்குவரத்துத் தளமான பரிவாஹனில் தேடினேன், விவரம் வந்தது. திருத்திய எண்ணை எச்ஆருக்கு அனுப்பினேன். மறுநாளே கிளியர்!