கிராங்க் சென்சாருக்கு ஷீல்டு வயர் போடுவது எப்படி?

கிராங்க் சென்சாரை (கிராங்க் தண்டோடு சுழலும் சக்கரத்தின் பற்களை உணரும் சென்சார்) மாற்றிய பிறகும் பி0335 அல்லது பி0336 பிழைக்குறியீடு திரும்பத் திரும்ப வருகிறதா? வேகம் ஏறும்போது டேக்கோமீட்டர் முள் துள்ளி, எஞ்சின் ஒரு கணம் இழுவையை விட்டுப் பிடிக்கிறதா? இன்னொரு சென்சார் வாங்கும் முன், அதிலிருந்து இசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) வரை போகும் வயரைப் பாருங்கள். என் பழைய காரில் கோளாறு அங்கேதான் இருந்தது. அறுந்த இடத்தில் யாரோ சாதாரண வயரை ஒட்டுப் போட்டிருந்தார்கள்.

இரண்டு வயர் உள்ள காந்தச் சுருள் சென்சார் தன் மின்னழுத்தத்தைத் தானே உண்டாக்குகிறது. ஸ்டார்ட்டர் சுற்றும் வேகத்தில் அது ஒரு வோல்ட்டுக்கும் குறைவாக இருக்கலாம். பக்கத்திலேயே இக்னிஷன் காயிலில் சில நூறு வோல்ட், பிளக் வயரில் பல்லாயிரம் வோல்ட். அந்தத் துடிப்பு சென்சார் வயரில் தொற்றினால் இசியூ அதையும் ஒரு பல்லாக எண்ணிவிடும். 60 பல்லுக்கான இடத்தில் 58 மட்டுமே உள்ள சக்கரத்தில் 59 எண்ணப்பட்டால், கணக்கு முழுதும் குழம்பிவிடும். இதைத் தடுக்கத்தான் ஷீல்டு, அதாவது வயரைச் சுற்றிய உலோக உறை. நாக் சென்சாருக்கும் (எஞ்சினில் எழும் தட்டலை உணர்வது) அது வேண்டும். குளிர்நீர் வெப்ப சென்சார், த்ராட்டில் சென்சார் போன்றவை மெதுவாக மாறுபவை. அவற்றுக்குச் செலவழிக்க வேண்டாம்.

வயர் தேர்வு. உள்ளே ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு வயர், மேலே செம்புப் பின்னல்: இதைத்தான் வாங்குங்கள். மெல்லிய ஷீல்டு மின்புலத்தைத் தடுக்கும். காந்தப்புலத்தின் பாதிப்பைக் குறைப்பது அந்த முறுக்குதான். ஒற்றை உள்வயர் கொண்ட மைக் கேபிள் அதனால் ஆகாது. கடைகளில் எளிதில் கிடைக்கும் பிவிசி உறை எஞ்சின் சூட்டில் இளகும், பிறகு வெடிக்கும். 125 டிகிரியாவது தாங்கும் உறை வேண்டும். டெஃப்செல் என்ற பிளாஸ்டிக் உறை 150 டிகிரி தாங்கும். விலை அதிகம்தான், ஆனால் சில மீட்டர்தானே தேவை. அலுமினியத் தாள் ஷீல்டு எனக்குப் பிடிக்காது. எஞ்சின் அதிர்வில் அது கிழிந்துபோகிறது.

பாதை. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். காயில், பிளக் வயர், ஆல்டர்னேட்டர் ஆகியவற்றிலிருந்து விலகிப் போகட்டும். குறுக்கிட வேண்டியிருந்தால் செங்குத்தாகக் கடக்க வேண்டும். இணையாக ஓடக் கூடாது.

சென்சார் முனை. பின்னலை வெட்டிப் பின்னுக்குத் தள்ளி, உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவால் முழுதும் மூடுங்கள். ஷீல்டு இல்லாமல் வெளியே தெரியும் நீளம் சில சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும், அதுவும் முறுக்கியபடியே. டெர்மினலுக்கு ஈயம் வைப்பதைவிட முறையான கிரிம்ப் கருவியால் அழுத்திப் பொருத்துவதே சிறந்தது. ஈயம் வயருக்குள் ஏறி அதை விறைக்க வைக்கும். அதிர்வில் அந்த விளிம்பிலேயே அறுந்துவிடும்.

இசியூ முனை. என்னை அதிக நேரம் தேட வைத்தது இந்தப் படிதான். பின்னலை ஓரிடத்தில் விலக்கி, உள்வயர்களை அந்தத் துளை வழியே வெளியே இழுங்கள். மிஞ்சும் பின்னலை முறுக்கி, ஸ்லீவ் போட்டு, இசியூவின் சென்சார் எர்த் பின்னில் இணையுங்கள். இந்த ஒரு முனையில் மட்டும். இரண்டு பக்கமும் எர்த் கொடுத்தால் இரட்டைப் பாதுகாப்பு என்று பல எலெக்ட்ரீஷியன்கள் உறுதியாகச் சொல்வார்கள். அது தவறு. ஸ்டார்ட்டர் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும்போது எஞ்சின் பிளாக்குக்கும் இசியூ எர்த்துக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு எழுகிறது. இரு முனைகளும் இணைந்திருந்தால் அந்த மின்னோட்டத்தில் ஒரு பங்கு ஷீல்டு வழியே ஓடும்; சென்சாரின் சிக்னல் மிகவும் பலவீனமாக இருக்கும் நேரமும் அதுவே. என் காரில் ஷீல்டு வயர் போட்ட பிறகும் பின்னலின் ஒற்றை இழை சென்சார் பிராக்கெட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதை வெட்டி ஸ்லீவ் போட்டதும் சரியாயிற்று.

சோதிக்க, இசியூ முனையை இன்னும் இணைக்காதபோது மல்டிமீட்டரை ஷீல்டிலும் எஞ்சின் பிளாக்கிலும் வையுங்கள். பீப் ஒலி வரக் கூடாது. உள்வயர்கள் இரண்டோடும் ஷீல்டுக்குத் தொடர்பு இருக்கக் கூடாது. சென்சாரின் இரு வயர்களையும் இடம் மாற்றிவிடாதீர்கள். சிக்னல் தலைகீழானால் விடுபட்ட பல்லின் இடத்தை இசியூ சரியாகக் கண்டுகொள்ளாது.

பின்சேர்க்கை: "என் சென்சாரில் மூன்று பின் இருக்கிறது, அப்படியானால் ஹால் சென்சார்தானே?" என்று சிலர் கேட்டிருக்கிறார்கள் (ஹால் சென்சார் என்பது வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் வகை). அப்படி முடிவுகட்டி 5 வோல்ட் கொடுத்துவிடாதீர்கள். கனெக்டரைக் கழற்றி அளந்து பாருங்கள். இரண்டு பின்களுக்கிடையே சில நூறு முதல் ஆயிரத்துச் சொச்சம் ஓம் காட்டி, மூன்றாவது பின் இரண்டோடும் தொடர்பின்றி இருந்தால், அது பெரும்பாலும் சென்சார் கேபிளின் ஷீல்டு பின். காரின் வயரிங் படத்திலும் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். அந்தப் பின்னுக்கும் சென்சாரின் உலோக உடலுக்கும் தொடர்பு இல்லையென்றால், உங்கள் புதிய ஷீல்டை அதோடு இணைத்து இசியூ வரை கொண்டுபோகலாம். எர்த் அப்போதும் இசியூ முனையில் மட்டுமே.