ஒரே கிரைண்டர் பட்டறை, 11 கல்லூரிகள்

அமெரிக்காவில் 11 கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தேன். கட்டுரையாகப் பதில் எழுத வேண்டிய கேள்விகள் முப்பதுக்குக் கிட்டே. சொல்வதற்கு என்னிடம் இருந்ததோ ஒன்றே ஒன்று: கோவையில் அப்பாவின் கிரைண்டர் சர்வீஸ் பட்டறை. "ஏங்கண்ணு, கல்லு தேயறதையெல்லாமா உக்காந்து படிப்பாங்க?" என்று அப்பா சிரித்தார்.

முதல் வேலையாக எல்லாக் கேள்விகளையும், சொல் வரம்போடு, ஒரே ஷீட்டில் போடுங்கள். பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பின் கட்டுரைக்கு 650 சொற்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் அதில் கிடையாது. தனி விண்ணப்பம், 8 கேள்விகளில் 4, ஒவ்வொன்றுக்கும் 350 சொற்கள். எழுதிப் பார்த்தால் எல்லாமே நாலைந்து ரகத்தில் அடங்கிவிடும்: நீ எந்தச் சூழலில் வளர்ந்தாய், என்ன செய்கிறாய், ஏன் இந்தப் படிப்பு, ஏன் எங்கள் கல்லூரி.

அப்புறம், பழைய கட்டுரையை வெட்டிச் சுருக்காதீர்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். 650ஐ 350 ஆக்க வாக்கியங்களை உருவ உருவ, மிஞ்சியது வெறும் எலும்பு. சம்பவத்தை மட்டும் வைத்துக்கொண்டு, வேறு இடத்திலிருந்து புதிதாகத் தொடங்குங்கள். என் பெரிய கட்டுரையின் முதல் வரி, கல் கொத்தும் சத்தத்தை வைத்தே எந்தக் கல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அப்பா சொல்லிவிடுவதைப் பற்றியது. படைப்புத்திறன் கேள்விக்கு அந்தச் சத்தமே வேண்டாம். எந்த மெஸ்ஸின் கல்லை எப்போது கொத்தினோம் என்று நான் போட்ட நோட்டிலிருந்து தொடங்கினேன். சமூகம் பற்றிய கேள்விக்கு, மாவு அரைக்க வழியில்லாமல் காலையிலேயே வந்து வாசல் பெஞ்சில் காத்திருக்கும் மெஸ்காரர்கள். பட்டறை ஒன்றுதான், நுழைந்த வாசல் வேறு.

ஆனால் ஒரே கல்லூரிக்கு ஒரே சம்பவத்தை இரண்டு முறை அனுப்பாதீர்கள். கல்லூரி தனியாகக் கேட்கும் துணைக் கேள்விகளைப் படிப்பவரிடம் பெரிய கட்டுரையும் இருக்கும். கலிஃபோர்னியாவில் இன்னொன்று: அந்த 4 பதில்கள்தான் நீங்கள் தேர்ந்தெடுக்கும் எல்லா வளாகங்களுக்கும் போகும். பெர்க்லியைப் புகழ்ந்து எழுதினால் டேவிஸ்காரரும் அதைப் படிப்பார்.

'ஏன் எங்கள் கல்லூரி' கேள்விக்கு மட்டும் பழையது உதவாது. உங்கள் ஆர்வத்தைச் சொல்லும் ஒரு பத்தியை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம். ஒரு கல்லூரிக்கு எழுதியதை இன்னொன்றுக்கு அனுப்பினேன். கல்லூரிப் பெயரை எல்லா இடத்திலும் மாற்றினேன், நடுவில் இருந்த ஆய்வுக்கூடத்தின் பெயரை மாற்றவில்லை. அனுப்பிய பிறகுதான் கண்ணில் பட்டது. இடம் கிடைக்கவில்லை. வேறு காரணமும் இருந்திருக்கலாம், சரி.

அதற்குப் பிறகு, அனுப்புமுன் கல்லூரிப் பெயரை மறைத்துவிட்டுத் தம்பியிடம் கொடுத்தேன். அவனிடம் 11 பெயர்களும் இருக்கும். இது எந்தக் கல்லூரிக்கு என்று அவனால் கண்டுபிடிக்க முடியாவிட்டால், மறுபடி எழுதினேன்.