முதல் முறை பூத் ஏஜென்டாக உட்காரப் போகிறீர்களா?

2001 சட்டமன்றத் தேர்தலில், வடசென்னை வியாசர்பாடியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் முதன்முதலாக பூத் ஏஜென்டாக, அதாவது வாக்குச்சாவடிக்குள் வேட்பாளர் சார்பில் இருந்து கவனிக்கும் ஆளாக, உட்கார்ந்தேன். 2019 மக்களவைத் தேர்தலோடு கட்சி வேலையை விட்டுவிட்டேன். இப்போது தையல் மெஷின்தான் என் பிழைப்பு. ஆனாலும் தேர்தல் நெருங்கினால் தெருப் பிள்ளைகள், "அக்கா, பூத்துல என்ன பண்ணணும்?" என்று வந்து நிற்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கேயும் எழுதுகிறேன்.

வேட்பாளரோ அவருடைய தேர்தல் ஏஜென்டோ உங்களை ஏஜென்டாக நியமித்துக் கையெழுத்துப் போட்ட 10-ம் எண் படிவத்தை முந்தின நாளே வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் உள்ளே உட்கார முடியாது. அன்று இரவு வாக்காளர் பட்டியலைத் தெருத் தெருவாகப் படியுங்கள். இறந்தவர், வீடு மாறியவர் பெயருக்கு எதிரே பென்சிலால் குறி போடுங்கள். ஒன்று மட்டும் கவனம். குடிசையை எடுத்த பிறகு கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று ஊரின் தெற்குக் கோடிக்கு அனுப்பப்பட்டவர்களின் பெயர் பழைய தெருவிலேயே கிடக்கும். அவர்கள் இரண்டு பஸ் மாறி வந்து நிற்பார்கள். பட்டியலில் பெயர் இருந்து, ஆளும் அவரே என்றால் ஓட்டு அவருடையது. கள்ள ஓட்டு என்று கத்திவிடாதீர்கள்.

வாக்குப்பதிவு ஏழு மணிக்கென்றால் ஐந்தரைக்கு மாதிரி வாக்குப்பதிவு. நீங்கள் வரவில்லையென்றால் கால் மணி நேரம் பார்ப்பார்கள், அப்புறம் ஆரம்பித்துவிடுவார்கள். குறைந்தது ஐம்பது ஓட்டுப் போட்டு, எண்ணிக் காட்டி, அழித்துவிட்டுத்தான் சீல் வைக்க வேண்டும். அழித்ததைக் கண்ணால் பாருங்கள். ஓட்டு மெஷினில் உள்ள எண்களை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி நான் செய்த தப்பைச் சொல்கிறேன். அந்த முதல் தேர்தலில், பதினொரு மணி இருக்கும், எங்கள் தெருக்கோடியில் இட்லி விற்கும் பாட்டி வந்தார். அவர் பெயரில் ஏற்கெனவே யாரோ போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பாட்டி இடது கையை என் முகத்துக்கு நேரே நீட்டி, "பாரும்மா, விரல்ல மை இருக்கா?" என்றார். மாவு காய்ந்த விரல். மை இல்லை. எனக்கு வழி தெரியவில்லை, "போங்க பாட்டி" என்று அனுப்பிவிட்டேன். அந்த விரல் இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. தேர்தல் விதி 49P என்று ஒன்று இருக்கிறது. பாட்டி மாதிரி வந்தவர், வாக்குச்சாவடித் தலைமை அலுவலரின் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னால், வந்தவருக்கு வாக்குச்சீட்டு கொடுத்தாக வேண்டும். அதை மெஷினில் சேர்க்காமல் தனி உறையில் வைப்பார்கள். டெண்டர் ஓட்டு என்பது இதுதான். வழக்கமான எண்ணிக்கையில் அது வராது, வழக்கு என்று போனால் பேசும். அதைவிட, அந்த மனிதர் வெறுங்கையோடு திரும்பிப் போகமாட்டார்.

வந்திருப்பவர் அந்த ஆள் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால், அவர் ஓட்டுப் போடுவதற்கு முன்பே இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபம் சொல்லலாம். பொய் ஆட்சேபம் என்றால் பணம் போய்விடும். நான் எப்போதும் முந்தானையில் நாலைந்து இரண்டு ரூபாய்க் காசு முடிந்து வைத்திருப்பேன். சில்லறை தேடுவதற்குள் ஆள் ஓட்டுப் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

சாப்பாட்டை எதிர்க்கட்சி ஏஜென்டோடு பகிர்ந்து சாப்பிடுங்கள். சாயங்காலம் சீல் வைக்கும்போது ஏதாவது தகராறு வந்தால் சாட்சிக்கு அவர்தான் பக்கத்தில் இருப்பார்.

முடியும் நேரத்தில் வரிசையில் நிற்பவர்களுக்கு டோக்கன் கொடுப்பார்கள், கடைசி ஆளிலிருந்து முன்னோக்கி. அவர்கள் எல்லாரும் போட்டு முடிக்கும்வரை எழுந்திருக்காதீர்கள். பிறகு 17சி படிவம். மொத்தம் எத்தனை ஓட்டுப் பதிவானது என்று தலைமை அலுவலர் எழுதிக் கையெழுத்திட்டுத் தரும் நகல் அது. 2001-ல் "வேலை முடிஞ்சிடுச்சு, வா" என்று கூப்பிட்டார்கள், நானும் வாங்காமல் போய்விட்டேன். 2019-ல் ராணி மேரிக் கல்லூரியில் வடசென்னை ஓட்டுகளை எண்ணியபோது, எங்கள் பூத் மெஷின் காட்டிய மொத்தத்தை என் நகலோடுதான் ஒத்துப் பார்த்தார்கள். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து ஒன்றை வைத்துக்கொண்டு, அசலை எண்ணிக்கை ஏஜென்டின் கையிலேயே கொடுங்கள்.